நீல அங்கியின் சிவப்புப் பாதி

ஃபவ்வார் அகதி முகாம், கலீல், மேற்குக் கரை
10 மார்ச் 1997

அன்புள்ள அண்ணி நஸ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ஹனாதியும் சுகமா? இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். பெருநாள் முடிந்து ஒரு மாதமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெய்ரூத்தில் காகிதம் தீர்ந்துவிட்டதா, நாத்தனார் நினைப்பு தீர்ந்துவிட்டதா?

கோபித்துக்கொள்ளாதே, காரணம் எனக்கும் தெரியும். நீங்கள் பெய்ரூத்துக்குப் போன நாளிலிருந்து இங்கிருந்து அங்கே தபாலும் போகாது, தொலைபேசி மணியும் அடிக்காது. ஜோர்டான் ஆற்றுப் பாலம் தாண்டி அம்மானுக்குப் போகிறவர் யாராவது அகப்பட்டால்தான் நமக்குக் கடிதம். இனி அந்தக் கவலை இல்லை. நமக்கென்றே ஒரு தபால்காரி கிடைத்திருக்கிறாள்.

அம்மானில் லமீஸ் என்று ஓர் அம்மா. துணிமணிகளைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவள். சிரித்தால் அறை அதிரும். அவளுடைய சங்கமும், எங்கள் முகாம் பெண்கள் சங்கமும், நீ வேலை பார்க்கிற தையற்கூடமும் சேர்ந்து ஒரு காரியம் செய்யப்போகின்றன. பூத்தையல் அங்கிகள். ஒவ்வோர் அங்கியிலும் வலது பாதியை இந்தப் பக்கத்துப் பெண் தைக்க வேண்டும், இடது பாதியை அந்தப் பக்கத்துப் பெண். இரண்டையும் அம்மானில் ஒரு தையற்காரர் மூட்டுவார். முதலில் அங்கே கண்காட்சி. பிறகு ஆஸ்திரேலியாவில் நம் ஜனங்கள் இருக்கிற ஓர் ஊருக்குப் போகுமாம். "நீங்கதான் சேர முடியல, உங்க தையலாவது சேரட்டும்" என்று லமீஸ் சொன்னபோது எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எங்கள் சங்கத்தில் ரஜாவின் அம்மா, உம் ரஜா மட்டும், "மத்தியானம் சாப்பாடு உண்டான்னு கேளுங்கடி முதல்ல" என்றாள்.

எனக்கு ஜோடியாக உன் பெயரைத்தான் கொடுத்தேன். யாருக்கு எந்த அங்கி என்று சீட்டுக் குலுக்கினார்கள். கன்னிப்பெண் அங்கி, கல்யாண அங்கி, பிள்ளை பெற்றவள் அங்கி எல்லாம் மற்றவர்களுக்குப் போயிற்று. நமக்கு வந்தது விதவையின் அங்கி.

நீலம், அண்ணி. நம் தெற்கத்திப் பக்கத்து நீலம். கறுப்புத் துணியில் மேலிருந்து கீழ்வரை நீல நூல்.

மாற்றித் தரச் சொல்லியிருக்கலாம். ஆனால் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதே.

உன் பாதிக்கான துணியும் நூற்கண்டுகளும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. தோளில் தாயத்து முக்கோணம், மார்பில் சைப்ரஸ் மரம், கீழே நம் அம்மாக்கள் போட்ட அதே ஓரம். உன் கைக்கு இதெல்லாம் நான் சொல்லித்தர வேண்டுமா? சம்மதம் என்று ஒரே ஒரு வரி எழுது, போதும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சப்ஹா


பெய்ரூத்
2 ஏப்ரல் 1997

அன்புள்ள சப்ஹாவுக்கு அண்ணி எழுதுவது.

சலாம். நாங்கள் சுகம். உன் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கித் தேய்; எத்தனை தடவை எழுதுவது!

நூற்கண்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். நல்ல நூல். சாயம் போகாது. அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

இங்கே என்னோடு தைக்கிறவர்கள் எல்லாம் வடக்கே கலிலேயாப் பக்கத்துப் பெண்கள். அவர்களுக்கு நீலம் என்றால் அது ஒரு நிறம், அவ்வளவுதான். உனக்குமா அப்படி? நம் பக்கத்தில் ஒருத்தி ஊசியில் நீல நூல் கோத்தால் அவள் வீட்டு ஆண்பிள்ளை மண்ணுக்குள் போய்விட்டான் என்று அர்த்தம். நான் கோத்தால் யாரை மண்ணுக்குள் வைக்கிறேன்? சொல்லேன், வாய் வந்தால்.

எண்பத்திரண்டாம் வருஷம் அந்தச் செப்டம்பரில், துப்பாக்கியோடு முகாமுக்குள் புகுந்தவர்கள் உன் அண்ணனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஹனாதி என் வயிற்றில். லாரியில் ஏறியவரைத்தான் நான் பார்த்தேன். செத்தவரை நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று ஒரு மனிதர் வந்து சொல்லவும் இல்லை. அப்புறம் எந்த வாயால் என்னை விதவை என்கிறீர்கள்?

முகாம் சண்டையில் வீடு இடிந்து திரும்பக் கட்டினபோது, கொத்தனார் வாசலை அகலமான சந்துப் பக்கம் வைக்கலாம் என்றார். பழைய இடத்திலேயே வை என்று சண்டை போட்டேன். வருகிறவருக்கு அடையாளம் தெரிய வேண்டாமா? ஒவ்வொரு பெருநாளுக்கும் அவருடைய கால்சட்டை இடுப்பைக் கொஞ்சம் பிரித்துப் பெரிசாக்கி வைக்கிறேன். ஐம்பதை நெருங்குகிறாரே. உங்கள் அப்பாவுக்கு அந்த வயசில் எப்படித் தொப்பை விழுந்தது, ஞாபகமிருக்கிறதா? ஹனாதி என்னை முறைக்கிறாள். முறைத்துவிட்டுப் போகட்டும்.

பக்கத்து வீட்டு உம் நாயிஃபும் என்னைப் போலத்தான். அவள் வீட்டுக்காரர் கலஃபையும் அன்றைக்கு அதே லாரியில்தான் ஏற்றினார்கள். படத்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் ஏறி இறங்காத வாசல் இல்லை. உன் நூலைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "தூக்கித் தூரப் போடு. நம்ம ரெண்டு பேரும் இன்னும் புருஷன் உள்ளவங்கடி" என்றாள். அதற்கு மேல் நான் என்ன எழுத?

ஹம்தானின் மனைவி,
நஸ்மியா


ஃபவ்வார் முகாம்
19 மே 1997

நஸ்மியா,

நூலையும் துணியையும் மறுபடி அனுப்புகிறேன். இதைப் படித்துவிட்டு அப்புறம் என்ன செய்வாயோ செய்.

அம்மா மௌத்தானதை உனக்கு எழுதினேன். கடைசியில் என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. "எம் புள்ளைக்குத் துக்கம் கேக்க இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரலியே, அவன் என்ன அநாதையா?" என்றாள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியப்பாவிடம் கெஞ்சினேன், வாசலில் நாற்காலி போட்டு ஒரு நாளாவது உட்காருங்கள் என்று. "பொண்டாட்டி நீலம் உடுத்தாதவனுக்கு நாம எப்படிம்மா துக்க வாசல் திறக்கறது? அவ சொல்லட்டும்" என்றுவிட்டார். நீ சொல்லவே இல்லை.

நீ அவருக்கு மனைவி. நான் கூடப் பிறந்தவள் இல்லையா? என் அண்ணனுக்காகச் சத்தம் போட்டு அழ எனக்கு ஒரு நாள் கூடக் கிடைக்கவில்லை. இருக்கிறவருக்காக எப்படி அழுவது, இல்லாதவருக்காக எப்படிச் சிரித்துப் பேசுவது? நீ அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே ஊரையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் கலீல் சந்தையில் முதுகைக் காட்டி ஒருவர் நடந்து போனார். அதே நடை, இடது தோள் சற்றுத் தாழ்ந்து. கூடையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். திரும்பினால் தக்காளி விற்கிறவன். "என்னக்கா, நசுங்கினத மாத்தித் தரணுமா?" என்கிறான். சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். ஜுரம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நீ உடுத்த வேண்டாம், நஸ்மியா. யாரோ பெயர் தெரியாத ஒரு விதவைக்குத் தைப்பதாக நினைத்துக்கொள். என்னுடைய பாதி முடிந்துவிட்டது. ஒவ்வொரு தையலுக்கும் அண்ணன் பெயரைச் சொல்லித்தான் போட்டேன். எனக்கு வேறு வழி கொடுக்கவில்லை நீ. இதையாவது செய். மன்றாடிக் கேட்கிறேன்.

சப்ஹா


பெய்ரூத்
27 ஜூலை 1997

அன்புள்ள சப்ஹா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். மாமி அப்படிச் சொன்னதை நீ முன்னாலேயே எழுதியிருக்கலாம்.

சரி. என் பாதியைத் தைத்து முடித்து நேரே லமீஸுக்கு அனுப்பிவிட்டேன். தாயத்து, சைப்ரஸ், ஓரம் எல்லாம் அளவு பிசகாமல் இருக்கும். உன் பாதியோடு சேர்த்து மூட்டினால் கோடு கோட்டோடு போய் உட்காரும். தையலில் யாரும் குறை சொல்ல முடியாது.

இங்கே வெயில் கொளுத்துகிறது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது, விருந்தாளி மாதிரி. ஹனாதி பரீட்சையில் தேறிவிட்டாள்; கணக்கில் மட்டும் அப்பாவைப் போல மக்கு. கண்காட்சிக்கு நீ போவாய் அல்லவா? எனக்கு அம்மானுக்கு விசா தரமாட்டார்கள், என் பங்குக்கும் நீயே பார்த்துவிட்டு வா.

உன் அண்ணி,
நஸ்மியா


ஃபவ்வார் முகாம்
21 அக்டோபர் 1997

நஸ்மியா,

அண்ணி என்று எழுத இன்றைக்கு மனசில்லை.

அம்மானுக்குப் போய் வந்தேன். பாலத்தில் வெயிலில் நிற்க வைத்து, பையைக் கொட்டிப் பார்த்து, ஒரு வழியாக விட்டார்கள். புது முக்காடு போட்டுக்கொண்டு, முதல் ஆளாக மண்டபத்துக்குள் நுழைந்தேன். நம் அங்கியை நட்டநடுவில் விளக்குப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள்.

வலது பாதி நீலம். என் பாதி. இடது பாதி சிவப்பு! கல்யாணப் பெண்ணின் மாதுளைச் சிவப்பு, தோளிலிருந்து பாதம்வரை!

அடிப்பாவி, என்ன செய்து வைத்திருக்கிறாய் தெரியுமா? நீலத்தோடு சிவப்பு சேர்ந்தால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம்? அழுதது போதும், பெண் கேட்க வருகிறவர்கள் வரலாம் என்று அர்த்தம். மறு கல்யாணத்துக்குச் சம்மதிக்கிற விதவை வெட்கப்பட்டு மார்பு ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புப் பூப் போடுவாள். நீ பாதி அங்கியையே போட்டிருக்கிறாய்!

எத்தனை படித்திருந்தாலும் லமீஸ் வடக்கத்திப் பெண், அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நாம் பேசி வைத்துக்கொண்டு செய்ததாக நினைத்துவிட்டாள். ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். "சப்ஹா! என்ன யோசனை, என்ன யோசனை! வர்றவங்க எல்லாம் இது முன்னாலதான் நின்னுடறாங்க." பல்லைக் காட்டினேன்.

வடக்கத்திக்காரர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் அம்மானை ஒட்டிய பக்கா அகதி முகாமிலிருந்து நம் தெற்கத்திப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பார்த்ததுமே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாடி! ஒரு கண்ணால அழுதுக்கிட்டே இன்னொரு கண்ணால மாப்பிள்ளை பாக்குறாளே!" என்றாள். இன்னொருத்தி என் தோளைத் தொட்டு, "யாருங்க இது, உங்க சொந்தமா? வயசு என்ன இருக்கும்? எங்க அண்ணன் பொண்டாட்டிய இழந்துட்டுத் தனியாத்தான் கெடக்கான். நல்ல மனுஷன், பல்லு மட்டும் கொஞ்சம் போயிடுச்சு" என்கிறாள். அங்கிக்குக் கீழே அட்டையில் நம் பெயர், ஹம்தான் பெயர், நம் குலத்தின் பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில். பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்று நின்றேன். என் அண்ணன் பெயருக்குக் கீழே நின்று அவர் மனைவிக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள்.

இன்னும் இருக்கச் சொன்னார்கள். நான் மறுநாளே புறப்பட்டு வந்துவிட்டேன்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. ஆலிவ் பறிப்பு தொடங்கிவிட்டது, காய்ப்பு குறைவு. குளிர் வரப்போகிறது. உன் வாசல் கதவு காற்றை அள்ளிக்கொண்டு வருமே, மூடித் தாழ் போட்டு வை. உடம்பைப் பார்த்துக்கொள். ஹனாதியை உன் பக்கத்திலேயே படுக்கச் சொல்.

சப்ஹா


பெய்ரூத்
16 நவம்பர் 1997

அன்புள்ள சப்ஹா,

திட்டு. நன்றாகத் திட்டு. திட்ட வேண்டிய காரியம்தான்.

நீல நூலைக் கையில் எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். தோளில் முதல் முக்கோணத்தில் நாலைந்து தையல் போட்டிருப்பேன். வாசலில் யாரோ செருப்பை உதறும் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன், ஒருவரும் இல்லை. இதற்கு மேல் ஒரு தையல் போட்டால் இனி அந்தச் சத்தம் கூடக் கேட்காது என்று தோன்றியது. பிரித்துப் போட்டுவிட்டு, என் கல்யாணத்தில் மிஞ்சிய சிவப்பு நூலைத் தேடி எடுத்தேன். புருஷன் உள்ளவள் தைக்கிற மாதிரி ஒரு பாதி தைத்து அனுப்புகிறேன், அவ்வளவுதான் நினைத்தேன். உன் பாதியோடு சேரும்போது அது என்ன பேசும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. நான் என் பாதியை மட்டும்தானே பார்த்தேன்!

மாப்பிள்ளை கதையை உம் நாயிஃபிடம் படித்துக் காட்டினேன். "பல்லில்லாதவனா? நல்லதா போச்சு, ரொட்டி மிச்சம்" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் எனக்கு அவமானமாக இருந்தது. அவர் திரும்பி வந்து இதைக் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்?

சரி, அது கிடக்கட்டும். உன்னை எனக்குப் பாவாடை கட்டின நாளிலிருந்து தெரியும், சப்ஹா. நீ ஒருத்தியைத் திட்ட ஆரம்பித்தால் மூச்சு வாங்கும்வரை திட்டுவாய். இந்தக் கடிதத்தில் பாதியில் நிறுத்திவிட்டாய். கண்காட்சியை விட்டு மறுநாளே ஓடி வந்துவிட்டாய். கதவை மூடித் தாழ் போடு என்கிறாய். நான் ஏன் தாழ் போடாமல் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எத்தனை குளிர்காலம் போயிருக்கிறது, ஒரு தடவையாவது இப்படி எழுதினாயா?

அம்மானில் என்ன நடந்தது? யாரைப் பார்த்தாய்?

நஸ்மியா


ஃபவ்வார் முகாம்
12 டிசம்பர் 1997

என் அண்ணிக்கு,

உட்கார்ந்து படி. ஹனாதி பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தப் பெண்கள் சிரித்துவிட்டுப் போன பிறகு ஒரு மனிதர் மனைவியோடு வந்தார். சுவைலிம் என்று பெயர். தரைக்கு ஓடு பதிக்கிற வேலை. நம் குலத்தோடு அவர் அம்மா வழியில் உறவு. அந்தக் காலத்தில் பெய்ரூத்தில் உங்கள் முகாமில் இருந்தவராம். அவர் அங்கியைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவிதான் அங்கியைப் பார்த்து, "புருஷன் போய் ரொம்ப நாளாச்சு போல, இப்ப மறுபடி கட்டிக்கச் சம்மதம்னு சொல்றாங்க" என்று அவருக்கு விளக்கினாள்.

அவர் என்னிடம் வந்தார். "இவங்க நம்ம ஹம்தானோட வீட்டுக்காரம்மாதானே?"

"ஆமா. நான் ஹம்தான் தங்கச்சி."

அண்ணி, அந்த மனிதர் முகம் தெளிந்ததை நான் எப்படி எழுதுவேன்! "அப்பாடா. உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. எப்படிச் சொல்றதுன்னு பயந்துக்கிட்டே நான் பெய்ரூத் பக்கம் காலே வைக்கலம்மா. அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது? அந்த லாரியிலேர்ந்து உயிரோட வந்தது நான் ஒருத்தன்தான்னு நெனச்சிருந்தேன். உங்களுக்கு யாரு சொன்னா?"

நான் தலையாட்டினேன். எல்லாம் தெரியும் என்பது போலத் தலையாட்டினேன். தெரியாது என்று சொன்னால் அவர் பாதியில் நிறுத்திவிடுவார் என்று பயம்.

விமான நிலையத்துக்குப் போகிற சாலையில் லாரியை நிறுத்தினார்களாம். முதலில் இறக்கியவர்களில் அண்ணன் ஒருவர். ஒரு மதில் ஓரமாக நிற்க வைத்தார்கள். அவ்வளவுதான், அண்ணி. அன்றைக்கே. நீ லாரி போன திசையைப் பார்த்து நின்றிருப்பாயே, அந்த மாலைக்குள்ளேயே. தன்னை ஏன் விட்டார்கள் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியவில்லை. "என்னைய ஏன் விட்டாங்க, என்னைய ஏன் விட்டாங்க" என்று என்னையே கேட்டார். அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலம்மா. சொல்ல விடல" என்றார்.

உனக்கு எழுத ஒரு கடைசி வார்த்தையை நானே கட்டிவிடலாமா என்று கூட நினைத்தேன். உன் பெயரைச் சொன்னார், குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று. எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். உனக்குப் பொய் எழுத எனக்கு வரவில்லை.

நீ நீலத்தில் தைத்திருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். இன்னும் துக்கம் ஆறாத வீடு என்று ஒதுங்கிப் போயிருப்பார். சிவப்பைப் பார்த்துத்தான், ஆறிவிட்டது, இனிப் பேசலாம் என்று வந்தாராம். நீ அண்ணனை உயிரோடு வைத்திருக்கத்தான் அதைத் தைத்தாய் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இங்கே யாருக்கும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரருக்குக் கூட. நீ சொல்லாமல் துக்க வாசல் திறக்க மாட்டேன். அங்கியை லமீஸ் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப் போகிறாள். அதற்கு முன் உன் பாதியைப் பிரித்து நீலத்தில் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நீ சரி என்றால் செய்கிறேன்.

வெறுப்பதானால் என்னை வெறுத்துக்கொள். எனக்குச் சொல்ல உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் சப்ஹா


பெய்ரூத்
8 பிப்ரவரி 1998

சப்ஹா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. படித்து முடித்து, மடித்து வைத்துவிட்டு, அரிசி களைந்து உலையில் போட்டேன். குழைந்துவிட்டது. தின்றோம். ஹனாதியிடம் சொல்லவில்லை. அன்றைக்கு உன்னை வெறுத்தேன். லாரிக்காரர்களைக் கூட மறந்துவிட்டேன், உன்னைத்தான் வெறுத்தேன். நீ ஏன் தலையாட்டினாய்? உனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் தன் வாயோடு திரும்பிப் போயிருப்பார். நான் என் வீட்டில் இருந்திருப்பேன்.

அதற்கப்புறமும் சந்தில் யாராவது இருமினால் நிமிர்ந்து பார்த்தேன். இன்னும் பார்க்கிறேன். மனசுக்குத் தெரிந்துவிட்டது, உடம்புக்குத் தெரியவில்லை. அது பழகின வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. என்ன சொல்லி அதை நிறுத்துவது?

ஒரு வாரம் கழித்துத்தான் ஹனாதியிடம் சொன்னேன். அவள் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். "அம்மா, நான் எப்பவோ அழுது முடிச்சுட்டேன். நீ எப்ப அழுவேன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். அப்போதுதான் அழுதேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. அவர்களே வந்துவிட்டார்கள். ஒருத்தி பெரிய காப்பிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஒருத்தி பேரீச்சம்பழம், பள்ளிவாசலிலிருந்து நாற்காலிகள். சர்க்கரை போடாத காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். எப்படி, எப்போது, யார் சொன்னார்கள் என்று ஒருத்தியும் என்னைக் கேட்கவில்லை. எல்லோரிடமும் கறுப்பு உடை தேய்த்துத் தயாராக இருந்தது, சப்ஹா. இந்த முகாம் முழுக்க எனக்குத் துக்கம் சொல்லத் தயாராகக் காத்திருந்திருக்கிறது. நான் ஒருத்திதான் தயாராக இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். யார் யாருக்கோ சேர்த்து அழுதார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஷேக் வந்தார். "இத்தன வருஷம் ஆயிடுச்சேம்மா, நீ இத்தா இருக்கணும்னு கட்டாயமில்ல" என்றார். "உங்க கணக்கு அது, ஷேக். எனக்கு அவர் மௌத்தானது போன வாரம்" என்றேன். அவர் ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போனார். விதவைக்குரிய நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறேன். வெளியே போவதில்லை.

நீயும் பெரியப்பாவிடம் சொல். நாற்காலி போடச் சொல். வாசலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உன் அண்ணனுக்காக வயிறு எரிய அழு. உன்னை இத்தனை காலம் அழ விடாமல் வைத்திருந்தேன். மாமியையும் அழ விடவில்லை. என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்கவில்லை. உன்னை வெறுத்ததும் இப்போது இல்லை.

அங்கியைப் பிரிக்காதே. ஒரு தையலைக் கூடத் தொடாதே. அது நான் மனைவியாக இருந்தபோது போட்டது. ஆஸ்திரேலியாவில் பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். அங்கேயும் தெற்கத்திப் பெண்கள் இருந்து மாப்பிள்ளை பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று எழுத வேண்டும்.

துக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள், உம் நாயிஃப் வரவில்லை. மூன்றாம் நாள் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். காப்பியை நீட்டினேன், கை நீட்டி வாங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "அந்த ஆளு வேற யார் பேரையாவது சொன்னானா?" என்று கேட்டாள்.

உயிரோடு வந்தது தான் ஒருவன்தான் என்று அவர் சொன்னதாக நீ எழுதியிருக்கிறாயே, அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வேற பேர் எதுவும் சொல்லல" என்றேன். பொய் இல்லையே, அவர் பெயர் எதுவும் சொல்லவில்லைதானே? "சப்ஹாவுக்கு எழுதிக் கேக்கட்டுமா?" என்றேன்.

சரி என்பது போலத் தலையை அசைத்தாள். சந்து முனை வரைக்கும் போனாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தாள்.

"வேணாம். கேக்காத" என்றாள். "நீ போயிட்ட. நானும் போயிட்டா அப்புறம் அவருக்குன்னு யாரு இருக்கா?"

அதனால், சப்ஹா, சுவைலிமிடம் அவள் வீட்டுக்காரர் கலஃபைப் பற்றி எதுவும் கேட்காதே. அவராகவே சொன்னாலும் எனக்கு எழுதாதே. நான் அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டியவள்.

நஸ்மியா